வீட்டில் சாக்ஸபோன் பதிவு: ஒலிவாங்கியை எங்கே வைப்பது?



சிறுவர் இசை நிகழ்ச்சிக்கென்று நீங்கள் அனுப்பிவைத்த ஒலிப்பதிவுகளை அண்மையில் ஒரு மாலை முழுக்க இருந்து கேட்டேன். வயலின், வீணை, வாய்ப்பாட்டு என்று பலதும் வந்திருந்தன. சாக்ஸபோன் பதிவுகள் மூன்று. மூன்று பிள்ளைகளும் நன்றாகவே வாசித்திருந்தார்கள். ஆனால் மூன்றில் ஒன்றையும் ஒலிபரப்ப முடியவில்லை. ஒன்று தகரப் பேணிக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது. இன்னொன்று மேல் ஸ்தாயிக்குப் போகிறபோதெல்லாம் கரகரத்தது. மூன்றாவதில் சுருதிப்பெட்டி முன்னுக்கு நின்றது, வாத்தியம் பின்னுக்குப் போய்விட்டது.

பெற்றோருக்குத் தொலைபேசியில் சொன்னபோது ஒரு தாயார், "பிள்ளை பிழையாய் வாசிச்சிட்டாளோ?" என்று கேட்டார். இல்லை அம்மா, பிள்ளையில் பிழையே இல்லை, மைக் வைத்த இடத்தில்தான் பிழை என்றேன். அவர் நம்பினாரோ தெரியாது. அதனால்தான் இந்த மாத உரைக்கு இதை எடுத்துக்கொண்டேன். நான் ஒலிப்பொறியியல் படித்தவன் அல்ல. வார இறுதிகளில் எமது கலையகத்தில் பொத்தான்களோடு மல்லுக்கட்டுகிற ஒரு தொண்டன், அவ்வளவுதான்.

இந்த விடயத்தில் எனக்கென்று ஒரு கடனும் உண்டு. அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

என் சித்தப்பா ஊரில் கோயில் பாண்டில் கிளாரினெட் வாசித்தவர். ரொறன்ரோவுக்கு வந்தபின் பழைய அல்டோ சாக்ஸபோன் ஒன்றை வாங்கி, கத்ரி கோபால்நாத்தின் ஒலிநாடாக்களைப் போட்டுப் போட்டுக் கேட்டு, தானாகவே கர்நாடக இசை வாசிக்கப் பழகினார். 2008 தை மாதம் ஒரு ஞாயிறு அவரை எங்கள் வீட்டு நிலக்கீழறையில் இருத்தி மோகனம் பதிவு செய்தேன். ஆலாபனையின் தொடக்கத்தைக் கேட்டு ஒலிமட்டத்தை வைத்தேன். மெல்லிய வாசிப்பு, ஊசி சரியான இடத்தில் நின்றது. பிறகு நான் திரையைப் பார்க்கவேயில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கற்பனாஸ்வரத்துக்கு வந்தபோது மனுசன் மூச்சை எல்லாம் கூட்டி வாசித்தார். முடித்துவிட்டு, "என்ன தம்பி, நல்லாய் விழுந்திருக்கே?" என்று கேட்டார். "ஓம் சித்தப்பா" என்றேன். இரவு போட்டுக் கேட்டால் பதினொரு நிமிடத்தில் கடைசி நான்கு நிமிடமும் கிழிந்து போயிருந்தது. இன்னொரு நாள் பதியலாம் என்று நினைத்தேன். அந்த இன்னொரு நாள் வரவில்லை. 2016 இல் அவர் காலமானார். அவருடைய நினைவு நாளில் முதல் ஏழு நிமிடத்தை மட்டும்தான் நாங்கள் ஒலிபரப்புகிறோம்.

சரி, விடயத்துக்கு வருவோம்.

சாக்ஸபோனை 1846 இல் பாரிஸில் காப்புரிமை எடுத்தவர் பெல்ஜியம் நாட்டு அடோல்ஃப் சாக்ஸ். பித்தளையால் செய்யப்பட்டாலும் நாணல் சீவாளி அதிர்ந்து ஒலிப்பதால் இதனை மரக் காற்றுவாத்தியங்களோடுதான் சேர்ப்பார்கள். அந்த வகையில் எங்கள் நாதஸ்வரத்துக்கு இது தூரத்துச் சொந்தம். நாதஸ்வரக் கலைஞர் ஒருவரின் மகனான கத்ரி கோபால்நாத் இதைக் கையில் எடுத்தது அவ்வளவு அதிசயமில்லை. 1994 இல் வந்த 'டூயட்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் அவர் வாசித்ததற்குப் பிறகு, வாத்தியத்தின் பெயர் தெரியாதவர்களுக்கும் அதன் ஓசை தெரிந்துவிட்டது. 2019 இல் அவர் மறைந்தார்.

இந்த வாத்தியத்தைப் பதிவு செய்கிறவர்கள் விடுகிற முதல் பிழை, சத்தம் எல்லாம் முன்னால் விரிந்திருக்கிற அந்தப் பூ வாயால்தான் வருகிறது என்று நினைத்து ஒலிவாங்கியை அதற்குள் நீட்டிவிடுவது. பெரும்பாலான சுரங்களின் ஒலி குழலில் முதலில் திறந்திருக்கும் துளைகளால்தான் வெளியே வருகிறது. எல்லாத் துளைகளும் மூடியிருக்கிறபோது, அதாவது மிகக் கீழான சுரத்தில் மட்டும், முழுவதும் பூ வாயால் வரும். அதேநேரம் ஒலிக்குக் கூர்மை கொடுக்கிற உயர் மேற்சுரங்கள் குழலோடு ஓடிப் பூ வாயால்தான் அதிகம் வெளியேறுகின்றன. ஆகவே பூ வாய்க்குள் மைக் வைத்தால் கீழ்ச் சுரங்கள் குபீரென்று பாயும், நடுச் சுரங்கள் மெலியும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கீச்சல் இருக்கும். துளைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் ஒலி மங்கி, சாவிகள் அடிபடுகிற டக் டக் ஓசைதான் பெரிதாகக் கேட்கும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளையை ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்றக் காதை வாத்தியத்தைச் சுற்றி அரை மீற்றர் தூரத்தில் மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்தில் மேலும் கீழும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அதுதான் ஒலிவாங்கியின் இடம். அநேகமாக அது பூ வாயின் விளிம்புக்குச் சற்று மேலே, 40 முதல் 60 சென்ரிமீற்றர் தள்ளி, இடது கை விரல்களுக்கும் பூ வாய்க்கும் நடுவைப் பார்க்கிற இடமாக இருக்கும்.

ஆங்கிலப் புத்தகங்களில் படம் பார்த்து வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தப் படங்களில் கலைஞர் நின்று வாசிப்பார். எங்கள் பிள்ளைகள் சம்மணம் கட்டி இருந்து வாசிக்கிறார்கள். அப்போது பூ வாய் தரைக்குக் கிட்ட வந்துவிடும். வெறும் மரத்தரையோ ஓட்டுத்தரையோ என்றால் நேரே வருகிற ஒலியோடு தரையில் பட்டுத் தெறிக்கிற ஒலியும் சேரும். தெறித்த ஒலி 34 சென்ரிமீற்றர் கூடுதலாகப் பயணம் செய்தால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு செக்கன் பிந்தி வரும். அதனால் 500 ஹேர்ட்ஸை அண்டிய ஒலி அடிபட்டுப் போகும், 1500 இலும் அப்படியே. அது அல்டோ சாக்ஸபோனின் நடுப்பகுதி. தகரப் பேணி ஓசை என்று சொன்னேனே, அது இப்படி வருவதுதான். தரையில் தடித்த கம்பளமோ இரண்டாக மடித்த போர்வையோ விரித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இனி எந்த ஒலிவாங்கி என்ற கேள்வி. கடைக்குப் போனால் தலை சுற்றும். மூன்று வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டைனமிக் வகை முரட்டுத்தனமானது, எவ்வளவு சத்தத்தையும் தாங்கும், அறையின் மற்ற ஓசைகளைப் பெரிதாகப் பொறுக்காது. ஷூர் எஸ்.எம். 57 என்ற மைக் 1965 இலிருந்து விற்கப்படுகிறது, இன்றும் ஏறக்குறைய 100 அமெரிக்க டொலருக்கு வாங்கலாம். சென்ஹைசர் எம்.டி. 421 சாக்ஸபோனுக்கென்றே பலர் தேடுவது, ஆனால் விலை பல மடங்கு. கொண்டென்சர் வகை நுணுக்கமானது. அதற்கு 48 வோல்ற்று மின் கொடுக்கவேண்டும். மூச்சின் மெல்லிய ஓசை, கமகம் வழுக்குகிற விதம் எல்லாம் இதில் அழகாக வரும். ஆனால் மலிவான கொண்டென்சர்கள் பலவற்றில் உயர் ஒலியை வேண்டுமென்றே தூக்கிவைத்திருப்பார்கள். பேச்சுக்கு அது மினுக்கமாகக் கேட்கும், சீவாளி வாத்தியத்துக்கோ காதைக் குத்தும். அப்படியானால் நேராக வைக்காமல் 30 பாகை அளவு திருப்பி வைத்துப் பாருங்கள். மூன்றாவது ரிபன் வகை. மெல்லிய உலோக நாடா ஒன்று அதற்குள் தொங்குகிறது. சாக்ஸபோனின் கூர்மையைத் தணித்து வெண்ணெய்போல் தரும். ஆனால் முன்னாலும் பின்னாலும் ஒரே அளவாகக் கேட்கிற இயல்புடையது, ஆகவே சின்ன அறையில் பின்சுவரும் சேர்ந்து பதிவாகும். காற்றுப் பட்டாலே நாடா பழுதாகலாம். பிள்ளைகள் ஓடித் திரிகிற வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

என்னைக் கேட்டால், அறை நன்றாக இல்லாத வீட்டுக்கு டைனமிக், அமைதியான அறை இருந்தால் கொண்டென்சர். எதுவானாலும் ஒன்று போதும். இரண்டு மைக் வைத்தால் ஒன்றின் ஒலி மற்றதை வெட்டாமல் வைப்பதற்குத் தனியாகப் பழகவேண்டும்.

காசைவிட முக்கியம் அறை. தூரம் இரண்டு மடங்கானால் வாத்தியத்தின் நேர் ஒலி 6 டெசிபெல் குறையும், அறையின் எதிரொலி குறையாது. அதனால்தான் தூர வைத்த பதிவு குளியலறைபோல் கேட்கிறது. பலர் மைக்குக்குப் பின்னால் போர்வை கட்டுகிறார்கள். சாதாரண ஒருதிசை மைக் பார்ப்பது எங்கே? வாசிப்பவரையும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும்தானே. ஆகவே போர்வை முதலில் வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் வரவேண்டும். குளிர்நாட்டில் எங்களுக்கு ஒரு வசதி, எல்லார் வீட்டிலும் குளிர்கால ஜாக்கெற்றுகள் அலுமாரி நிறைய இருக்கின்றன. அலுமாரிக் கதவைத் திறந்துவிட்டு அதற்கு முதுகு காட்டி இருத்துங்கள். உள்ளுக்குள் புகுந்து இருந்து வாசிக்க வேண்டாம். துணி உயர் ஒலியைத்தான் உறிஞ்சும், அடி ஒலி பெட்டிக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். அறையின் மூலையையும் தவிருங்கள்.

வெப்பமூட்டியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டுப் பதியுங்கள். பிறகு திரும்பப் போட மறக்காமலிருக்க ஒலிப்பதிவாளர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கார்த் திறப்பைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுவது. சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் ஒருமுறை மீன் முழுவதும் பழுதானபின்தான் நானும் பழகினேன். வாத்தியம் குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கும் என்பதால் பத்து நிமிடமாவது வாசித்துச் சூடாக்கிவிட்டுச் சுருதி சேருங்கள்.

சுருதிப்பெட்டியை அறையில் ஒலிக்கவிட வேண்டாம். ஒருமுறை ஒன்றாகப் பதிவானால் பிறகு அளவாகப் பிரித்தெடுப்பது கடினம். காதை மூடுகிற ஹெட்போனில் சுருதியைக் கொடுத்து, ஒரு காதை மட்டும் திறந்துவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். தம்புராவைப் பின்னர் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது நான் பிழைவிட்ட இடம். ஒலிமட்டத்தை வைக்கும்போது வாசிக்கப்போகிற உருப்படியின் ஆகப் பலமான இடத்தை, மேல் ஸ்தாயியில், முழு மூச்சோடு வாசிக்கச் சொல்லுங்கள். அது கணனித் திரையில் கழித்தல் 12 டெசிபெல்லுக்கு மேல் போகாதபடி வையுங்கள். மேடையேறியதும் எல்லாரும் ஒத்திகையைவிடப் பலமாக வாசிப்பார்கள், அதற்கு அந்த இடைவெளி வேண்டும். மெல்லிய ஆலாபனை மிகச் சிறிதாகத் தெரியும், பயப்படவேண்டாம். 24 பிட்டில் பதிந்தால் பிறகு தாராளமாகக் கூட்டலாம். பூச்சியத்தைத் தாண்டி வெட்டுப்பட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. கிழிசலை ஒட்டுகிற மென்பொருள்கள் இருக்கின்றன, சித்தப்பாவின் பதிவில் பலதைப் போட்டுப் பார்த்தேன். கரகரப்புக் குறைந்தது, வாசிப்பு வரவில்லை. இப்போது 32 பிட் மிதவை முறையில் பதிகிற சின்னக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றில் இந்தப் பயம் குறைவு, ஆனாலும் ஒலிவாங்கியே தாங்காத சத்தம் என்றால் அவையும் ஒன்றும் செய்யா.

கைத்தொலைபேசி மட்டும்தான் இருக்கிறதா? அதுவும் பரவாயில்லை. இரண்டு மீற்றர் தள்ளி, வாத்தியத்தின் நடுவின் உயரத்துக்கு, அசையாமல் வையுங்கள். தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பவேண்டாம், அது ஒலியைச் சுருக்கிப் பிழிந்துவிடும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள். வாசிக்கத் தொடங்கமுன் ஐந்து செக்கன் அமைதி விடுங்கள், பின்னர் பிள்ளையின் பெயரையும் இராகத்தையும் தாளத்தையும் பிள்ளையே சொல்லட்டும்.

சித்தப்பாவின் சாக்ஸபோன் இப்போது அவருடைய பேத்தியிடம் இருக்கிறது. சென்ற மாதம் அதே நிலக்கீழறையில் அவளை இருத்தி, ஜாக்கெற்றுகளைப் பின்னால் தொங்கவிட்டு, மைக்கை வைத்தேன். "மாமா, எதிலிருந்து தொடங்கட்டும்?" என்று கேட்டாள். கடைசியிலிருந்து தொடங்கு பிள்ளை, உன்னால் எவ்வளவு பலமாய் முடியுமோ அவ்வளவுக்கு வாசி என்றேன். இரண்டு தரம் வாசித்தாள். மட்டத்தைக் குறைத்தேன். மூன்றாம் தரம் மோகனத்தை முழுவதுமாகப் பதிந்தோம். அடுத்த சிறுவர் இசை நிகழ்ச்சியில் அதைக் கேட்கலாம். அந்த மூன்று பிள்ளைகளின் புதிய பதிவுகளையும் அதே நிகழ்ச்சிக்காக எதிர்பார்த்திருக்கிறோம்.

வணக்கம்.