பனி என்னும் ஒரு சொல்



தொல்காப்பியர் பெரும்பொழுதை ஆறாக வகுத்தபோது, அவற்றுள் இரண்டுக்குப் பனியின் பெயரையே இட்டார்: முன்பனி, பின்பனி. அந்தப் பனி புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. வெயில் ஏறியதும் மறைந்துவிடுவது. நடுங்குவதைப் ‘பனித்தல்’ என்றார்கள். கண்ணீரும் பனிதான். பதிற்றுப்பத்தின் நெடுஞ்சேரலாதன் ‘இமயவரம்பன்’ என்று பெயர் கொண்டிருந்தாலும், வெண்பனிமேல் நடந்து பழகியவனின் சொல்வளம் நமக்கு வந்து சேரவில்லை. தேவைப்படவும் இல்லை. களனி கங்கைக்கு இப்பால், ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகள் கிளப்பும் புழுதிக்குள் வாழும் பிள்ளைகளுக்குப் பனி என்றால் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டுத்தான். மிஞ்சினால், தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் நுவரெலியா உறைபனி.

1983க்குப் பின்னர் நம்மவர் பெருந்தொகையாகக் குளிர்நாடுகளுக்குப் போனார்கள். 1994இல் இந்திரனும் எஸ்.பொ.வும் தொகுத்த புலம்பெயர் சிறுகதைகளுக்குப் ‘பனியும் பனையும்’ என்றே பெயர். நல்ல தலைப்பு. ஆனால் எந்தப் பனி?

ரொறன்ரோவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: “சேர், பனியெண்டு ஒண்டில்லை, ரெண்டு இருக்கு. ஒண்டு எலும்பை முறிக்கும், மற்றது மூச்சை நிப்பாட்டும்.” அவர் தம் மகளைப் பனிச்சறுக்குப் பழக்க புளூ மவுண்டனுக்குக் கூட்டிப்போகிறவர். பெயர்தான் மவுண்டன், உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே சுமார் 220 மீற்றர். பகலில் இளகி, சிலவேளை மழையிலும் நனைந்து, இரவில் இறுகும் பனி அது. போதாததற்கு இயந்திரத்தால் நீரைத் துளியாகத் தெறிக்கவைத்துச் செய்த பனியும் சேரும். காலையில் கண்ணாடித் தளம்போல் கிடக்கும். சறுக்குப் பலகையின் உலோக விளிம்பைத் தீட்டி வைத்திருந்தால்தான் பிடி கிடைக்கும். பாரத்தை வெளிக்காலில் கொடுக்கத் தவறினால் அந்தக் கணமே விழவேண்டியதுதான்.

மேற்கே விசிலர் மலையில் இறக்கம் 1,500 மீற்றருக்கும் மேல். புதுப்பனி இடுப்பளவு கிடக்கும்போது அகலமான பலகையில், இரு காலிலும் பாரம் பகிர்ந்து மிதந்து போவார்கள். விழுந்தால் நோவாது. ஆனால் ஊசியிலை மரத்தடியில், கிளைகளுக்குக் கீழே, இறுகாத பனிக்குழி இருக்கும். தலைகீழாக விழுந்தவர் மூச்சடைத்து இறப்பதுண்டு. பனிச்சரிவு வேறு. காஷ்மீரின் குல்மார்க்கில் 2023 பெப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர் அப்படி மாண்டார்கள்.

அப்படியானால் சின்னக்குன்று வெறும் ஏழையின் பதிலியா? நான் அப்படி எண்ணவில்லை. 2010 வன்கூவர் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான டவுன்ஹில் போட்டியில் தங்கம் வென்ற லின்ட்சி வொன், சிறுமியாகப் பழகியது மினசோட்டாவின் பக் ஹில் குன்றில். உயரம் 100 மீற்றரைக்கூட எட்டாது. பின்னர் கொலராடோ மலைகளுக்குப் போனார் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆயினும் விளிம்பில் நிற்கும் வித்தை கையளவு குன்றில் வந்தது. ஒரே நாளில் எத்தனை தரம் ஏறி எத்தனை தரம் இறங்கலாம்! இன்னொரு வேடிக்கை: பெருமலைகளில் உலகப் போட்டி நடத்துகிறவர்கள் பாதைக்குள் நீரைச் செலுத்தி அதை வேண்டுமென்றே இறுக்குகிறார்கள். மெத்துப்பனியில் முதலில் போகிறவர் பாதையைக் குழப்பிவிடுவார். பின்னால் வருபவருக்கு அநீதி.

உயிர் போகும் வேறுபாட்டை ஒரே ‘பனி’யால் எழுதும் கதாசிரியர், வாசகரை ஏமாற்றுகிறார் என்றே சொல்வேன். மாணவரின் வீட்டில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இறுகியது கண்ணாடிப்பனி, பொடிபோன்றது மாப்பனி. இரண்டையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, “வறுத்த மாவா, அவிச்ச மாவா சேர்?” என்று கேட்டது. கேள்வியைக் கனடாவுக்கு அனுப்பினேன். மலையில் புதிதாய் விழுவது வறுத்த மாவாம், கையிலிருந்து உதிருமாம். பங்குனியில் ஈரமாகிக் கட்டிபட்டு, பலகையில் ஒட்டிக்கொள்வது அவித்த மாவாம்.