கம்பனி ஊரில் ஒரு துப்பாக்கி

நடுவர் அவர்களே, நான் பேசத் தொடங்குமுன்பே எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும் எதிரணி டீச்சர் அவர்களே, காலையில் பெரட்டுக்குப் போய் மாலையில் கோயில் முற்றத்துக்கு வந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, பின்வரிசையில் போனோடு இருக்கும் தம்பிமாரே!

வீடியோ கேம் நம் பிள்ளைகளுக்குப் பயனா, பாழா? பயனே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

"துப்பாக்கியைத் தூக்கு, எதிரில் வருபவனைச் சுடு. இதில் என்ன படிப்பு?" என்று டீச்சர் கேட்டார். அப்படி மட்டுமே இருக்கும் கேமுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சுடுவதோடு, ஒரு பாத்திரமாக நின்று பேசி, முடிவெடுத்து, அதன் விளைவையும் சுமக்க வைக்கும் கேம்கள் உண்டு. 2019 அக்டோபரில் அமெரிக்காவின் ஒப்சிடியன் நிறுவனம் உருவாக்கி வெளிவந்த 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்' அந்த வகை. அந்த ஒன்றை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன்.

கதை நடப்பது விண்வெளியில், ஹால்சியன் என்ற குடியேற்றத்தில். ஆட்சி கம்பனிகளின் கையில். முதலில் நாம் போய்ச் சேரும் ஊர் எட்ஜ்வாட்டர்; அங்கே ஒரு டின்மீன் தொழிற்சாலை. வேலை கம்பனியுடையது, வீடு கம்பனியுடையது, சாப்பாடும் கம்பனி டின். நோய் பரவினால் நன்றாக உழைக்கிறவனுக்குத்தான் மருந்து. செத்தால் புதைக்கிற குழிக்கும் கட்டணம். அதை உயிரோடு இருக்கும்போதே கட்டவேண்டும். அந்தப் பாக்கியை வசூலித்து வரும் வேலையும் நம் தலையில்தான்!

கொழும்பில் இருந்து ஆடுகிறவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். நம் இரத்தினபுரித் தோட்டத்துப் பிள்ளையும் சிரிப்பான், பிறகு யோசிப்பான். லயக் காம்பராவுக்குக் காணி உறுதி இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் என்பது தெரியும். கடன் தீர்ந்ததென்று துண்டு கையில் இல்லாமல் அவன் பூட்டனால் தோட்டம் மாற முடிந்ததில்லை. அந்தத் துண்டுமுறையைச் சட்டம் ஒழித்தது 1921இல்தான். இதையெல்லாம் வீட்டில் "நம்ம தலைவிதி" என்று கேட்டு வளர்ந்தவன் அவன். கேம் சொல்கிறது: இது விதியில்லை தம்பி, எவரோ மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கு.

இன்னும் கேளுங்கள். கம்பனியை விட்டு ஓடியவர்கள் ஊருக்கு வெளியே காய்கறி நட்டுப் பிழைக்கிறார்கள். கேமில் நாம் ஓட்டும் விண்கப்பலுக்கு ஒரு கருவி வேண்டும். அதற்காக ஊரிலோ ஓடியவர்களிடமோ ஓர் இடத்தில் மின்சாரத்தை வெட்டியாக வேண்டும். ஊரை வெட்டினால் தொழிற்சாலை மூடும். மற்றதை வெட்டினால் ஓடியவர்கள் மறுபடி கம்பனியிடம் கையேந்த வேண்டும். எதை வெட்டினாலும் ஒரு கூட்டம் தவிக்கும்.

நம் பக்கத்துக் கேகாலை மாவட்டத்துக்கு இது புதிதா? 1946இல் நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென்று அரசு எடுத்து, லயத்தில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னது. கிராமத்து மக்களுக்கும் நிலம் தேவைதான். லயத்து மக்களுக்கும் போக இடமில்லை. முடிவெடுத்தது இந்த இரண்டு பேருமே இல்லை! சரித்திரப் பாடத்தில் இதைப் படிக்கும் பிள்ளை ஆண்டை மனப்பாடம் செய்வான். கேமில் சுவிட்ச் அவன் கையில் இருக்கிறது. அந்தப் பாரத்தை உணர்கிறான்.

குறையையும் நானே சொல்லிவிடுகிறேன், டீச்சருக்கு வேலை மிச்சம். சண்டை சீக்கிரம் சலிக்கும்: அதே மிருகங்கள், அதே கொள்ளையர். கதையும் சற்றுச் சின்னது. ஆனால் சுடாமலே பேச்சால் தீர்க்கும் வழி பல இடங்களில் உண்டு. பேச்சுத் திறமையை வளர்த்தவன் தோட்டாவை மிச்சம் பிடிக்கலாம். பட்டிமன்றத்தில் இதற்கு மேல் என்ன சிபாரிசு வேண்டும்?

பெரிய குறை வேறு. கேமில் தொழிலாளர் காத்திருக்க, நாம் ஆடும் கப்டன் வெளியிலிருந்து வந்து எல்லாவற்றையும் தீர்மானிக்கிறான். நேவ்ஸ்மயருக்கு எந்தக் கப்டனும் வரவில்லை. லயத்து மக்களே போக மறுத்து நின்றார்கள். ஜூனில் மற்றத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கேம் எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடிக்க நம் சரித்திரம் தெரிய வேண்டும். அந்தக் கேள்வியோடு தாத்தாவிடம் ஒரு பேரன் வந்தால், அது பாழா டீச்சர்?

"இதற்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டுமே, நாட்சம்பளத்தில் முடியுமா?" என்பீர்கள். முடியாது. அதற்காகப் பிள்ளைக்குத் தடை போடுவதா? தோட்டத்து வாசிகசாலையில் ஒரு கம்ப்யூட்டர் வையுங்கள். பரீட்சைக் காலத்தில் பூட்டி வையுங்கள், நான் மறுக்கவில்லை. மற்ற நாளில் பிள்ளைகள் கூடி ஆடட்டும். மின்சாரத்தை வெட்டும் இடம் வந்ததும் நிறுத்தி, ஊருக்கு ஒரு அணி, ஓடியவர்களுக்கு ஒரு அணி என்று வாதாடி, வாக்கெடுத்து முடிவெடுக்கட்டும். ஒற்றைக் கப்டன் என்ற அந்தக் குறை அங்கேயே தீரும். அந்த வாதத்துக்கு நடுவராக எங்கள் டீச்சரையே அழைக்கிறோம். பயனே என்று தீர்ப்பளியுங்கள் நடுவர் அவர்களே!