பதினெட்டுப் படிகள்



இரக்கத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. இரக்கத்திற்கு இந்நாட்டில் பஞ்சமில்லை. கோயில் வாயிலில் சில்லறை விழும் ஓசையே சான்று! உரிமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலே எட் ராபர்ட்ஸ் என்றோர் இளைஞர். 1953-இல், பதினான்காம் வயதில், இளம்பிள்ளை வாதம் தாக்கிற்று. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் செயலிழந்தது. மூச்சுவிட, இரவெல்லாம் இரும்பு நுரையீரல் என்னும் உருளைக்குள் படுத்தாக வேண்டும். படிக்க உதவி கேட்டார். மாநில மறுவாழ்வுத் துறை என்ன சொல்லிற்று? வேலைக்கே உதவாத அளவு ஊனம் என்றது! மறுவாழ்வு தரவென்றே அமைந்த துறை, மறுவாழ்வை மறுத்தது! எதிர்ப்பு எழுந்த பிறகே இசைந்தது. 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்திலே சேர்ந்தார். இரும்பு நுரையீரலுக்கு விடுதியில் இடமில்லை; வளாக மருத்துவமனையிலே ஓர் அறை கொடுத்தார்கள். அவரைத் தொடர்ந்து மேலும் சிலர் சக்கர நாற்காலிகளிலே வந்தனர்.

1972-இல் அங்கே 'சுதந்திர வாழ்வு மையம்' பிறந்தது. மருத்துவர் நடத்தியதன்று, ஊனமுற்றோரே நடத்தியது. உதவியாளர், வீடு, நாற்காலி பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு அவர்களே வழி செய்தனர். சுதந்திரம் என்றால் எல்லாவற்றையும் தன் கையாலே செய்வதா? அப்படியானால் நம்மில் யார் சுதந்திரர்? உடுத்த ஆடையை நெய்தவர் யாரோ, உண்ட சோற்றை விளைத்தவர் யாரோ! எப்போது எழுவது, எங்கே போவது, யாரை உதவிக்கு அமர்த்துவது என்பதைத் தானே முடிவு செய்வது. அதுதான் அவர்கள் கண்ட பொருள்.

1975-இல் அதே மறுவாழ்வுத் துறைக்கு எட் ராபர்ட்ஸ் இயக்குநரானார்!

நடுவண் அரசின் பணம் பெறும் அமைப்பு எதுவும் ஊனமுற்றோரை ஒதுக்கலாகாது என்று 1973-இல் சட்டம் வந்தது. விதிகளிலே கையொப்பமிட மட்டும் நான்காண்டுத் தயக்கம். 1977 ஏப்ரல் 5 அன்று, சான்ஃபிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்தின் நான்காம் மாடியிலே நூற்றுக்கு மேற்பட்டோர் அமர்ந்துவிட்டனர். ஜூடி ஹியூமன் என்னும் பெண்மணி முன்னின்றார். தொலைபேசியைத் துண்டித்தனர், காது கேளாத தோழர்கள் சன்னல் வழியே சைகையால் செய்தி அனுப்பினர். கருஞ்சிறுத்தைக் கட்சியினர் நாள்தோறும் உணவு சுமந்து வந்தனர். ஏப்ரல் 28-இல் கையொப்பமாயிற்று.

எங்கே, யாருடன் வாழ்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. 2007-இல் இந்தியா அதை ஏற்றது. 2016-இல் சட்டமும் செய்தது.

நாம் கூடியிருக்கும் இந்த மன்றமோ மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படிகள், ஏறும்போது எண்ணினேன். சக்கர நாற்காலியில் வந்த தோழர் ஒருவரும் இந்த அவையிலே இல்லை, வியப்பென்ன? அடுத்த திங்கள் கூட்டத்தைக் கீழே, தெருவோரப் பந்தலிலே வைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.