விக்கிறவன் வேற, விழுந்தவன் வேற

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்பத்தான் ஆண்டறிக்கை வாசிச்சாங்க. சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு கேட்டுக் கை தட்டினோம். தட்ட வேண்டியதுதான். ஆனா அந்த நோட்டுல ஏறாத ஒரு செலவு நம்ம வீடுகள்ல ஓடிக்கிட்டிருக்கு. காலேஜ் ஃபீஸுன்னு எழுதி வாங்கின கடன், அடகுக்குப் போன தோடு, காணாமப் போன கேஸ் சிலிண்டர், இதெல்லாம் எங்க போச்சுன்னு நம்மில் பல பேருக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய் திறக்கிறதில்ல. அதைப் பேசத்தான் எனக்கு இந்த நேரத்தைக் கொடுத்திருக்காங்க.

எந்தத் தெரு, எந்த வார்டுன்னு நான் பேர் சொல்லப் போறதில்ல. பேர் சொன்னா அந்தத் தெருப் பொண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது, அந்தத் தெருப் பையனுக்கு வேலை கொடுக்க யோசிப்பாங்க. ஒரு தெருவுக்கே அப்படிக் கெட்ட பேர் கட்டி விடுறதும் இந்தப் பிரச்சினையில ஒரு பகுதிதான்.

நம்ம பக்கம் என்னென்ன புழங்குதுன்னு முதல்ல தெரிஞ்சுக்குவோம். கஞ்சாப் பொட்டலம் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க உதட்டுக்குள்ள ஒதுக்கிக்கிறது கூல் லிப். தமிழ்நாட்டுல குட்காவுக்கு 2013-லேயே தடை வந்தாச்சு. இருந்தும் 2024-ல பள்ளி மாணவர்கள் கூல் லிப் போடுறதைப் பத்தி உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளையே கவலைப்பட்டுக் கேள்வி கேட்டுச்சு. அடுத்தது வலி மாத்திரை. தாங்க முடியாத வலி உள்ளவங்களுக்கு டாக்டர் சீட்டு பார்த்துக் கொடுக்க வேண்டிய மாத்திரையைப் பையங்க தண்ணியில கரைச்சு ஊசியில ஏத்திக்கிறாங்க. விழுங்க வேண்டிய மாத்திரையோட பொடி ரத்தக் குழாய்க்குள்ள போனா அடைச்சுக்கும், சீழ் பிடிக்கும். ஒரே ஊசியை நாலு பேர் போட்டா எச்.ஐ.வி.யும் ஈரலைக் கெடுக்கிற கிருமியும் ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் பரவும். கடைசியா, பழகிப் போனதால நாம போதைக் கணக்குலயே சேர்க்காத குடி.

இந்தப் பிள்ளைங்க விஷயத்துல வீடு ஒண்ணு பண்ணுது, தெரு ஒண்ணு பண்ணுது. வீடு மறைக்குது, தெரு விரட்டுது. "அவனுக்குக் காய்ச்சல், படுத்திருக்கான்" என்கிறா அம்மா. "அவன்கூடச் சேராதடா" என்கிறா பக்கத்து வீட்டம்மா. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்றார். சொந்தக்காரங்க பத்திரிகை வைக்கிறதில்ல. வீட்டுக்குள்ள முகம் பார்த்துப் பேச ஆள் இல்ல, வெளியில நிக்க இடம் இல்ல. அப்ப அவனை "வாடா தம்பி, உக்காரு"ன்னு கூப்பிட யார் மிச்சம்? விக்கிறவன் ஒருத்தன்தான். நாம விரட்ட விரட்ட, அவன் போய்ச் சேர்ற இடம் அதுதான்.

நம்ம திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊரு. 2019-ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. பிள்ளையை அறைக்குள்ள வச்சு அந்தப் பூட்டைப் போட்ட அம்மாக்களை எனக்குத் தெரியும். அவங்களை நான் குத்தம் சொல்லல, வேற வழி அவங்களுக்கு யாரும் காட்டல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். வருசக்கணக்கா நிறையக் குடிச்ச ஆளைத் திடீர்னு குடிக்க விடாம அடைச்சு வச்சா, ரெண்டு மூணு நாளுக்குள்ள கை நடுங்கும், வலிப்பு வரலாம், புத்தி தடுமாறிக் கண்டதும் தெரியுதும்பாங்க. உயிரே போகலாம். மாத்திரை ஊசி போட்டவனுக்கு உடம்பெல்லாம் முறிக்கிற வலி, வாந்தி, வயித்துப்போக்கு, தூக்கமில்லாமத் தவிப்பு. அதை டாக்டர் மேற்பார்வையில மருந்து கொடுத்துத்தான் கடக்கணும். கட்டிப் போட்டு அடிச்சுத் திருத்துறோம்னு சொல்ற இடத்துக்கும் அனுப்பக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில, மனநலம் பாதிச்சவங்களைச் சங்கிலியில கட்டி வச்சிருந்த காப்பகம் தீப்பிடிச்சு 28 பேர் எழுந்து ஓட முடியாமச் செத்தாங்க. 2017-ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியாலயும் போதையாலயும் வர்ற மனநலப் பாதிப்பையும் நோய்க் கணக்குலதான் வைக்குது. சங்கிலி போடுறதுக்கு அந்தச் சட்டத்துல தடை இருக்கு.

2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சியில நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. கருணாபுரம் எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம் இல்ல, டவுனுக்குள்ளேயே இருக்கிற பகுதி. மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. பெரும்பாலும் அன்னாடக் கூலிக்காரங்க. பெண்களும் செத்தாங்க. அம்மா அப்பா ரெண்டு பேரையும் பறிகொடுத்த பிள்ளைங்க நின்னாங்க. அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிச்சப்ப, டீக்கடையிலயும் பஸ்ஸுலயும் எத்தனை பேர் என்ன பேசினாங்கன்னு நினைச்சுப் பாருங்க. "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பணம்?" இதுதான் பேச்சு. விஷத்தை வித்தவனைப் பத்தின பேச்சை விட, அதைக் குடிச்சவனைத் திட்டின பேச்சுதான் என் காதுல அதிகம் விழுந்துச்சு. அந்தப் பணம் செத்தவன் கைக்குப் போகல. நம்மள மாதிரி ஒரு பொண்ணு கைக்குத்தான், அந்தப் பிள்ளைங்க கைக்குத்தான் போச்சு. அதை யாரும் யோசிக்கல.

சட்டம்கூட நம்மள விட நிதானமாப் பிரிச்சுப் பார்க்குது. கள்ளக்குறிச்சிக்கு அப்புறம் அதே மாசம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர்ப்பலி ஆனா காய்ச்சி விக்கிறவனுக்கு ஆயுள் தண்டனை வரைன்னு ஆக்கினாங்க. 1985-ல வந்த போதைப்பொருள் சட்டத்துல 20 கிலோவுக்கு மேல கஞ்சா பிடிபட்டா குறைஞ்சது 10 வருசம் ஜெயில். அதே சட்டத்துல 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. போதைக்கு அடிமையான ஆள், தன் உபயோகத்துக்குன்னு கொஞ்சமா வச்சிருந்து வழக்குல மாட்டினாலும், தானா முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலயோ அரசு அங்கீகரிச்ச மையத்துலயோ சிகிச்சைக்குச் சேர்ந்தா வழக்கு நடவடிக்கையில இருந்து விலக்கு உண்டு. ஆனா சிகிச்சையை முழுசா முடிக்கணும். பாதியில ஓடினா அந்த விலக்கைத் திரும்ப எடுத்துக்கலாம். "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துருவாங்க"ன்னு பயந்து மறைக்கிற அம்மாக்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்க. விக்கிறவன் வேற, விழுந்தவன் வேற.

நம்ம கூட்டமைப்புல இருக்கிற ஒரு குழுவுல நடந்ததைச் சொல்றேன். அந்த அக்காகிட்டக் கேட்டுட்டு, அடையாளம் தெரியாமத்தான் சொல்றேன். வெங்காயப் பேட்டைக்கு வேலைக்குப் போறவங்க. வீட்டுக்காரர் இல்ல. இருபது வயசுப் பையன் மாத்திரையில விழுந்துட்டான். மூணு தவணை நின்னு போச்சு. 18,000 ரூபாய் பாக்கி. குழுக் கூட்டத்துல ஒரு தங்கச்சி எழுந்து, "அக்கா, நான் மில்லுல நைட் ஷிப்ட் பார்த்துக் கட்டுற காசு இது. அவங்க கட்டலைன்னா நம்ம 11 பேர் தலையிலதான் விழும். பேரை எடுத்துருவோம்"னு சொன்னா. அவ சொன்னதுல தப்பு இல்ல. அவளுக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு.

அந்தக் குழுவுல வயசான அம்மா ஒருத்தங்க, அதிகம் பேசாதவங்க, அப்பத்தான் வாய் திறந்தாங்க. "நாம குழுவுல சேர்றப்ப நிலத்தை ஈடு வச்சமா, நகையை ஈடு வச்சமா? ஒருத்திக்கு ஒருத்தி ஈடுன்னுதானே பேங்க்ல கையெழுத்துப் போட்டோம். கஷ்டம் வர்றப்ப கையை விடுறதுக்குப் பேரு ஈடா?"ன்னு கேட்டாங்க. கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியா இருந்துச்சு.

அன்னைக்கு முடிவு ஆனது மூணு விஷயம். மூணு மாசத்துக்கு வட்டி மட்டும் கட்டுனாப் போதும்னு தீர்மான நோட்டுல எழுதினாங்க. வீட்டுக்காரர்கிட்ட நாலு பேர் போய் ஆறு மாசம் டைம் கேட்டாங்க. அந்த அக்காகூட முறை வச்சு ரெண்டு ரெண்டு பேரா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. பேரை எடுக்கணும்னு சொன்ன அந்தத் தங்கச்சியும் தன் முறைக்குப் போனா. நைட் ஷிப்ட் முடிச்சு வீட்டுக்குக்கூடப் போகாம நேரா வந்து நின்னா.

ரெண்டு மாசம் நல்லா இருந்தவன் திரும்பவும் ஒருநாள் போட்டுட்டான். "பார்த்தியா, நாய் வாலை நிமிர்த்த முடியுமா?"ன்னு தெரு சிரிச்சுச்சு. டாக்டர் சொன்னது வேற. சர்க்கரை வியாதிக்காரர் ஒருநாள் இனிப்பு சாப்பிட்டுட்டா மருந்தை நிறுத்திட்டு வீட்டுக்கு அனுப்புறோமா, இதுவும் அப்படித்தான், திரும்பக் கூட்டிட்டு வாங்கன்னார். கூட்டிட்டுப் போனாங்க. இப்ப ஒரு வெல்டிங் பட்டறையில வேலை பார்க்கிறான். கடன்ல இன்னும் 6,000 பாக்கி இருக்கு. முழுசா மீண்டுட்டான்னு நான் சொல்ல மாட்டேன், அவங்க அம்மாவும் சொல்றதில்ல. ஆனா அவன் இப்ப எங்க இருக்கான், யாரோட இருக்கான்னு பன்னெண்டு பேருக்குத் தெரியும். முன்னாடி அது விக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கவனிக்க வேண்டிய அடையாளம் சிலது இருக்கு. கொளுத்துற வெயில்லயும் முழுக்கைச் சட்டையைக் கழட்டாம இருக்கிறது. பாத்ரூம்ல ரொம்ப நேரம். பையில காலியான மாத்திரை அட்டை, ஊசி. கண்ணுமணி சுருங்கிப் போறது. புதுசு புதுசா சேக்காளிங்க. இதுல ஒண்ணைப் பார்த்ததும் முடிவு கட்டிராதீங்க. பக்கத்துல உக்காந்து கேளுங்க. இன்னொண்ணு, கணவருக்குத் தெரியாமச் சோத்துலயோ காபியிலயோ குடியை மறக்கடிக்கிற மாத்திரையைக் கலந்து கொடுக்கிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. அது தெரியாம அவர் குடிச்சா ரத்த அழுத்தம் சடார்னு இறங்கி உயிருக்கே ஆபத்து ஆகலாம். டாக்டர் சொல்லி, அவருக்கும் தெரிஞ்சு சாப்பிட வேண்டிய மருந்து அது.

விழுந்தவனைத் தூக்கினா மட்டும் போதுமா, விக்கிறவனை என்ன பண்றதுன்னு கேட்பீங்க. 1992-ல ஆந்திராவுல நெல்லூர் மாவட்டம் துபகுண்டா கிராமத்துல, அறிவொளி வகுப்புல எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட பெண்கள் ரோசம்மா முன்னால நிக்க ஒண்ணாக் கிளம்பிப் போய்ச் சாராயக் கடையை மூட வச்சாங்க. அது ஊர் ஊராப் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரா முழுக்கச் சாராயத்துக்குத் தடை வந்துச்சு. 1995-ல முழு மதுவிலக்கே வந்துச்சு. ரெண்டு வருசத்துல அதை எடுத்துட்டாங்க. எனக்கு இதுல ரெண்டு பாடம் தெரியுது. ஒருத்தி தனியாப் போனா மிரட்டுவான், ஊரே போனா விலகுவான். கடையை மூடுறதோட விட்டுட்டா, குடிச்சுப் பழகினவனுக்கு மருந்தும் ஆதரவும் கொடுக்கலைன்னா, கடை வேற வாசல் வழியாத் திரும்ப வந்துரும்.

அதனால ஒவ்வொரு குழுவும் இந்த மாசக் கூட்டத்துலயே பேசித் தீர்மான நோட்டுல எழுதணும்னு நாலு விஷயத்தை முன்வைக்கிறேன்.

1. போதையால பாதிச்ச குடும்பம்ங்கிற ஒரே காரணத்துக்காக எந்த உறுப்பினரையும் குழுவை விட்டு எடுக்கிறதில்ல. தவணையைத் தள்ளிக் கொடுக்கிறதைப் பத்திக் குழுவே கூடி முடிவு பண்ணும்.

2. குழுவுக்கு ரெண்டு பேர் துணைக்குப் போறவங்களா இருப்பாங்க. நம்ம திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடப் போவாங்க. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446-க்குக் கட்டணமில்லாமப் பேசலாம்னு எல்லாருக்கும் சொல்லுவாங்க.

3. விக்கிறதைப் பார்த்தா 10581-க்குத் தகவல் சொல்லணும். எழுத்து மூலமாப் புகார் கொடுத்தா அது கூட்டமைப்புப் பேர்ல போகணும். எந்த ஒரு பொண்ணும் தனியாக் கையெழுத்துப் போட வேண்டாம்.

4. குழுக் கூட்டத்துல கேட்டது தெருவுக்குப் போகக் கூடாது. இதுதான் எல்லாத்திலயும் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனா இது இல்லைன்னா முதல் மூணும் நடக்காது. வெளியில போகாதுன்னு நம்பினாத்தான் ஒருத்தி வாயைத் திறப்பா.

இந்த மண்டபத்துலயே இதைக் கேட்டுக்கிட்டு, பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியாமக் கண்ணைத் துடைச்சுக்கிற அக்காமார் இருப்பீங்க. உங்க பேரை யாரும் கேட்கப் போறதில்ல. சாப்பாட்டுக்கு அப்புறம் நான் பின்பக்கம் சேமிப்பு நோட்டு மேசையிலதான் இருப்பேன். வாங்க, பேசுவோம்.