யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஏறிய படி
(தோட்டத்து விளையாட்டு விழாவில் பரிசளிப்பின்போது ஆற்றிய உரை)

மழை இறங்கும்போல் இருக்கிறது, ஆகவே நீட்டிப் பேசமாட்டோம்.

கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லப் போகிறோம் என்றதும் பின்னால் இருக்கிற தாய்மார் சிரிக்கிறது தெரிகிறது. “இந்தப் பந்தடியாலதான் புள்ள புத்தகத்தையே தொடுறதில்ல” என்று லயத்துக்கு லயம் எங்களிடம் முறைப்பாடு வருகிறது. அது நியாயமான முறைப்பாடுதான். ஆனாலும் இன்றைக்கு ஒரு பிள்ளையின் கதையைக் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் விஜயகாந்த் வியாஸ்காந்த் என்று ஒரு பையன். 2001இல் பிறந்தவர், யாழ். மத்திய கல்லூரியில் படித்தவர். மணிக்கட்டைத் திருப்பிப் போடுகிற சுழற்பந்து வீச்சாளர், லெக் ஸ்பின் என்பார்கள். 2020 டிசம்பரில் லங்கா பிரிமியர் லீக் முதன்முதலாக நடந்தபோது, 19 வயதை எட்டுகிற வேளையில் ஜஃப்னா அணிக்காக இறங்கினார். முதல் ஆட்டத்திலேயே அஞ்சலோ மத்யூஸை ஆட்டமிழக்கச் செய்தார். 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். 2024 மே மாதம் இந்தியாவின் ஐ.பி.எல்.லில், காயப்பட்ட ஹசரங்கவுக்குப் பதிலாக ஹைதராபாத் அணியில் விளையாடினார்.

இதை டி.வி.யில் பார்த்தவர்கள் “அதிர்ஷ்டக்காரப் பையன்” என்று சொன்னார்கள். அப்படிச் சொல்வது சரியில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். டி.வி.யில் வந்தது நாலு ஓவர். அந்த நாலு ஓவருக்கு முன்னால் போட்ட ஓவர்களை யார் கண்டார்கள்? லெக் ஸ்பின் என்பது சும்மா வருகிற வித்தை அல்ல. அடி வாங்கி, மறுபடியும் போட்டு, மறுபடியும் அடி வாங்கித்தான் கைக்கு வரும். அப்படி அடி வாங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர்தான் உள்ளூர்க் கிரிக்கெட். பாடசாலை ஆட்டம், மாவட்ட ஆட்டம், கழக ஆட்டம், அதற்கு மேல் மாகாண அணிகள். ஒவ்வொன்றும் ஒரு படி.

யாழ்ப்பாணத்தில் முதல் படி மிகப் பழையது. மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904இல் தொடங்கிய ஆட்டத்தை ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்கிறார்கள். யுத்த காலத்தில் சில வருடங்கள் அது நடக்கவில்லை. ஷெல் விழுகிற இடத்தில் மைதானம் எங்கே? இருந்தும் அவர்கள் அதை அறவே கைவிடவில்லை. நிலைமை சீரானதும் பந்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தாத்தா விளையாடிய ஆட்டத்தைப் பேரன் விளையாடுகிறான்.

ஆனால் அடுத்த படிகள் அங்கேயும் தூரம்தான். பெரிய கழகங்கள் கொழும்பிலேதான் கூடுதலாக இருக்கின்றன. கழகங்களின் பிரிமியர் போட்டி 1988-89இல் முதல்தரப் போட்டியானது. அந்த மட்டத்தில் ஆடுவதென்றால் வடக்குப் பிள்ளை பெட்டியைக் கட்டவேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். ஜஃப்னா என்ற பெயருள்ள அணி 2020, 2021, 2022, 2024 என்று நாலு தரம் லங்கா பிரிமியர் லீக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்த வருடங்களில் ஓர் ஆட்டமாவது யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, கண்டி, தம்புள்ளை என்றுதான் நடந்தது. கல்யாண வீடு ஒரு ஊரில், மாப்பிள்ளை வீடு வேறு ஊரில் என்ற மாதிரி. 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நட்டார்கள். அது எழும்பினால் அந்தப் பிள்ளைகளின் பஸ் பயணமாவது குறையும்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். முத்தையா முரளிதரனின் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து 1920இல் வந்தவர். பேரன் கட்டுகஸ்தோட்டை சென். அந்தனீஸில் விளையாடி, கொழும்பு தமிழ் யூனியன் கழகத்துக்குப் போய், 1992இல் இலங்கை அணிக்கு வந்து, 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்ந்தார். அவரும் படி படியாகத்தான் போனார். பள்ளிக்கூடத்தில் முதலில் வேகப்பந்துதான் போட்டார், பயிற்றுநர் ஒருவர் சொல்லித்தான் சுழற்பந்துக்கு மாறினார். பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார், அதுதான் விஷயம்.

நம்ம பிள்ளைகளைப் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறோம்? இதைச் சொல்ல எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், நாங்கள் வேறொரு தோட்டத்தில் இருந்தபோது, கீழ்ப்பிரிவில் ஒரு பையன் இருந்தான். மென்பந்தில் அவன் போடுகிற பந்தைப் பெரிய ஆட்களாலும் தொட முடியாது. மாவட்டத் தெரிவுக்கு அனுப்பச் சொல்லி பாடசாலையிலிருந்து கடிதம் வந்தது. பஸ் காசு, சப்பாத்து, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, இவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். “விளையாட்டுக் காரியம்தானே, சம்பள நாள் முடியட்டும்” என்று நாங்கள் அதை மேசையில் வைத்தோம். சம்பள நாள் முடிந்து எடுத்துப் பார்த்தால் திகதி போய்விட்டது. அவனுடைய அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த நாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். பையன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் சாமான் கட்டுகிறான். அவன் பெரிய வீரனாகியிருப்பான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அடி வாங்கிப் பார்க்கிற சந்தர்ப்பம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை.

படிப்பை விடச் சொல்லவில்லை. மாவட்ட அணிக்குப் போகிற நூறு பேரில் எத்தனை பேர் அதில் சோறு சாப்பிடப் போகிறார்கள்? ஓ.எல். எழுதட்டும், பந்தும் போடட்டும். பெண் பிள்ளைகளும் வரலாம், இலங்கைக்குப் பெண்கள் அணியும் இருக்கிறது.

வருகிற ஞாயிறு பின்நேரம் மூன்று மணிக்குத் தொழிற்சாலைக்குக் கீழே உள்ள மைதானத்தில் கூடுவோம். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடினப்பந்து ஒன்று, காலுக்குக் கட்டுகிற பேட் இரண்டு சோடி கையில் இருக்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை இப்போதே எடுத்து வையுங்கள், வயதுப் பிரிவுக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாதவர்கள் திங்கட்கிழமை பிரட்டுக்கு முன்னால் எங்களைச் சந்தியுங்கள்.