கொடுமுடிக் குரல்



கொடுமுடி என்னும் சொல்லுக்கு மலையின் உச்சி என்பது பொருள். கல்வராயன் மலைமேல், கரியாலூரில் கூடியிருக்கும் இவ்வவைக்கு அப்பொருளை விளக்க வேண்டுவதில்லை. காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி என்னும் ஊரில் 1908ஆம் ஆண்டு பிறந்து, நாடகமேடை, இசைத்தட்டு, திரைப்படம், அரசியல் மேடை ஆகிய நான்கிலும் தம் குரலை நிலைநாட்டியவர் கே.பி. சுந்தராம்பாள். அவ்வம்மையாரின் கலைவாழ்வே இன்றைய உரையின் பொருள்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்துத் தெருக்கூத்தில் திரௌபதியின் வேடத்தை ஆடவரே கட்டுவது நெடுநாள் மரபு. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடகக் குழுக்களிலும் பெண் வேடம் சிறுவர்க்கே உரியதாயிருந்தது. மேடையேறிய பெண்ணின் கலையைப் போற்றிய ஊர், அவளது ஒழுக்கத்தை ஐயுறவும் தவறவில்லை. அத்தகைய காலத்திற்றான் வறுமை மிக்க குடும்பத்துச் சிறுமி ஒருத்தி வேலு நாயர் நாடகக் குழுவிற் சேர்ந்தாள். ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் வாடும் மூத்த பிள்ளையாக, அதாவது ஆண் பிள்ளையாக, நடித்தே அவள் பெயர் பெற்றாள்.

அந்நாளில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என ஒரு முறை இருந்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்கள் வந்து, கூட்டு ஒத்திகை இன்றியே மேடையிற் சந்திப்பர். கதை எல்லார்க்கும் தெரிந்ததே. ஆயின் எதிரில் நிற்பவர் எப்பாட்டை எடுப்பார், எவ்வாறு மடக்குவார் என்பது தெரியாது. ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களில் நாயகனும் நாயகியும் பாட்டாலேயே வழக்காடுவர். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் செவிக்கும் சொல் தெளிவாக எட்ட வேண்டும். சுந்தராம்பாளின் உச்சக் குரலும் பிசிறில்லாத உச்சரிப்பும் அம்மேடை தந்த பயிற்சி.

1926இல் இலங்கையில் அவர் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். இருவரும் இணைந்து நடித்த நாடகங்களைக் காண மக்கள் திரண்டனர். கலையில் இணைந்தவர்கள் வாழ்விலும் இணைந்தனர். ஆனால் கிட்டப்பா முன்பே மணமானவர். அவ்வுறவு அம்மையார்க்கு இன்பத்தினும் துன்பமே மிகுதியாகத் தந்தது. 1933 டிசம்பரில், முப்பது வயதும் நிறையாத நிலையில் கிட்டப்பா மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெண்ணிற ஆடை உடுத்து, எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

அவரது வாழ்க்கையைச் சொல்வோர் பலரும் இவ்விடத்திலேயே கண்ணீர் மல்க நின்றுவிடுகின்றனர். இழந்த காதலுக்காகத் துறவு பூண்ட பெண் என்னும் சித்திரம் உருக்கமானதுதான். ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. அது கலைஞரை மறைத்துக் கைம்பெண்ணை மட்டுமே காட்டுகிறது. உறுதிமொழிக்குப் பின்னரும் அவர் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பாடியும் நடித்தும் வாழ்ந்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவரைத் திரைப்படத்திற்கு அழைத்தபோது, ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்று 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நடித்தார். அந்நாளில் அது எவரும் வியந்த தொகை. ஏற்ற வேடமோ நந்தன் என்னும் ஆண் வேடம். எதிரே வேதியராக நடித்தவர் இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆடவருடன் நடித்தார், ஆனால் இணையாக நடிக்கவில்லை. உறுதியும் குலையவில்லை, தொழிலும் நிற்கவில்லை. படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறாவிடினும் அவ்வழி திறந்துவிட்டது.

அதன்பின் அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக நோக்குக. 1940இல் மணிமேகலை, 1953இல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனத் தயாரிப்பில் ஔவையார்; 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள்; 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவை; 1973இல் காரைக்கால் அம்மையார். இவர்கள் அனைவரும் ஓர் ஆடவனின் காதலியாகவோ மனைவியாகவோ நின்று பெருமை பெற்றவர் அல்லர். தம் அறிவாலும் அருளாலும் தமிழால் நினைக்கப்படுபவர்கள். நாயகன் இல்லாத நாயகிக்குத் திரையில் இடமில்லை என்று கருதப்பட்ட நாளில், அவ்விடத்தை உண்டாக்கியவர் சுந்தராம்பாள். அவர் பூண்ட உறுதி தளையாக முடிந்திருக்கக்கூடும். அதனையே தமக்குரிய வேடங்களைத் தேரும் அளவுகோலாக்கியது அவர் திறம்.

குரலையும் அவர் இடத்திற்கேற்ப ஆண்டார். விடிய விடிய நடக்கும் நாடகத்தில் விரித்துப் பாடியதை, சில நிமிடமே ஓடும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடக்கினார். சத்தியமூர்த்தியின் ஊக்கத்தால் காங்கிரஸ் மேடைகளில் நாட்டுப்பாடல்களைப் பாடினார். 1951இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரைக்கலைஞருள் சட்டமன்ற அவை ஒன்றினுள் முதலில் நுழைந்தவர் அவரே என்பர். 1969இல் வெளிவந்த ‘துணைவன்’ படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தன. அறுபதைக் கடந்த வயதில், இளங்குரல்களோடு போட்டியிட்டுப் பெற்ற சிறப்பு அது. 1980இல் அவர் மறைந்தார்.

மேடைப் பெண்ணை ஐயுற்ற சமுதாயமே அவரை ‘அம்மா’ என்றழைத்தது. வெண்ணிற ஆடையும் நெற்றித் திருநீறும் அம்மதிப்புக்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. துறவுக்கோலம் பூண்டால் மட்டுமே கலைமகளிரை மதிப்பது என்பது சமுதாயத்தின் குறை. அது அவர்தம் கலையின் இலக்கணம் அன்று. இன்றும் ஊர்தோறும் ஸ்பெஷல் நாடகத்தில் நடிக்கும் மகளிர் உளர். அவர்கள் எக்கோலத்தில் இருப்பினும், அவர்தம் பாட்டையும் உழைப்பையும் கொண்டே அவர்களை மதித்தல் வேண்டும். கொடுமுடி கோகிலத்துக்குச் செய்யத்தக்க நினைவுச்சிறப்பு அதுவே.

பத்தாண்டு நிறைந்த இவ்விலக்கிய வட்டம் அத்தகைய மேடையாகவும் வளர்க.