ஆட்டம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள்



2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் செந்தோசாவில், சென்னைப் பிள்ளை குகேஷ் உலகச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 18. பதினான்கு ஆட்டங்கள் கொண்ட போட்டியின் கடைசி ஆட்டம் அது. 55ஆவது நகர்த்தலில் சீனாவின் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அடுத்த மூன்று நகர்த்தலுக்குள் பட்டம் கைமாறிவிட்டது. அதன் பிறகு, தம் பிள்ளையும் இப்படி வருவானா என்று கேட்கும் பெற்றோரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். நியாயமான ஆசைதான். ஆனால் இன்று நான் பேச வந்தது, உலகப் பட்டத்தின் பக்கமே போகப்போகாத ஒருவரைப் பற்றி. வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பலகைக்கு முன்னால் உட்காருகிற பொழுதுபோக்கு ஆட்டக்காரர் அவர். அவருடைய ஆட்டத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

நம் லாயாங் லாயாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். குளுவாங்குக்கும் கூலாய்க்கும் இடையே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, ரயில் பாதையை ஒட்டிய சின்ன ஊர். இங்கிருந்து போட்டி ஆடப் போகிறவர், குளுவாங்குக்கோ ஜொகூர் பாருவுக்கோ விடியற்காலையில் கிளம்பியாக வேண்டும். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் கையிலிருந்து நல்ல தொகை போய்விடும். பரிசு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலோருக்கு இல்லை. அப்படியிருந்தும் ஏன் போகிறார்கள்?

முதல் காரணம், போட்டி நடக்கும் முறை. பெரும்பாலான திறந்த போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. 1895இல் சூரிக் நகரில் முதன்முதலாகக் கையாளப்பட்ட முறை இது. இதில் தோற்றவரை யாரும் வெளியே அனுப்புவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும், ஏறக்குறைய ஒரே புள்ளியில் நிற்கும் இருவரை எதிரெதிரே உட்கார வைப்பார்கள். முதல் சுற்றில் பட்டியலின் மேல்பாதியும் கீழ்பாதியும் மோதும். அதனால் புதிதாக வந்தவர் காலையிலேயே பலசாலி ஒருவரிடம் அடி வாங்க நேரலாம். ஆனால் சுற்றுகள் நகர நகர, தமக்குச் சமமான ஆளை அவர் கண்டுபிடித்துவிடுவார். மாலை கடைசிச் சுற்றில் நாற்பதாம் மேசையில் நடக்கும் சண்டை, முதல் மேசையில் நடப்பதைவிடச் சில நேரம் கடுமையாக இருக்கும். அங்கே தம் முதல் வெற்றிக்காகப் போராடுபவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டாவது காரணம், ஆட்டக்காரரின் பலத்தை எண்ணால் காட்டும் ரேட்டிங். அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பட் ஈலோ வகுத்த கணக்கை, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. ரேட்டிங்கில் 200 கூடுதலாக உள்ளவர், நான்கு ஆட்டத்தில் சுமார் மூன்று புள்ளி எடுப்பார் என்பது அதன் கணிப்பு. பலர் இந்த எண்ணைப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள். நான் அதைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். பலசாலிக்கு மூன்று என்றால், மீதி ஒரு புள்ளி எளியவருக்கு உரியது. அந்த ஒரு புள்ளிக்காகத்தான் நாம் பயணம் போகிறோம்.

இதற்கு ஓர் உயர்ந்த உதாரணம் மானுவல் ஆரோன். 1935இல் பர்மாவின் தௌங்கூ நகரில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். 1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த, உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றான இண்டர்சோனல் போட்டியில் அவர் பெற்றது கடைசி இடம். ஆனால் அதே போட்டியில் ஹங்கேரியின் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மானையும் அவர் வீழ்த்தினார். இருவரும் உலகத்தின் முன்வரிசை ஆட்டக்காரர்கள். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குக் கடைசிப் பெயர்தான் தெரியும். ஆட்டங்களை எடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு அந்த இரண்டு வெற்றிகளும் தெரியும்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். கடிகாரம் நின்று, கைகுலுக்கி, முடிவில் கையெழுத்திட்ட பிறகு, இருவரும் காய்களை மறுபடி அடுக்கி, ஆடிய ஆட்டத்தைச் சேர்ந்து அலசுவார்கள். நேரம் அதிகமுள்ள போட்டிகளில் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதியே ஆக வேண்டும். அந்தத் தாள் இப்போது கைகொடுக்கும். சற்று முன்வரை எதிரிகளாக இருந்தவர்கள் ஒரே கேள்விக்கு விடை தேடும் கூட்டாளிகள் ஆகிறார்கள்.

நம் நாட்டுப் போட்டி மண்டபத்தில் இதன் அழகே தனி. நாற்பது வயதுத் தமிழருக்கு எதிரே பத்து வயதுச் சீனப் பெண்பிள்ளை இருக்கலாம். ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் இருக்கலாம். பேச்சு பாதி மலாயிலும் பாதி விரலசைவிலும் நடக்கும். “அங்கிள், இங்கே ஏன் குதிரையை வெட்டவில்லை?” என்று பிள்ளை கேட்கும். “வெட்டினால் என் ராணி மாட்டிக்கொள்ளும் என்று பயந்தேன்” என்பார் இவர். “அப்படியா! நான் அதைப் பார்க்கவே இல்லையே!” என்று பிள்ளை கண்ணை விரிக்கும். வரக்கூடிய ஆபத்துக்கு ஒருவர் பயந்தார். தம் கையிலிருந்த ஆயுதத்தை மற்றவர் அறியவில்லை. இரண்டு மனங்களும் பலகை மேல் திறந்து கிடக்கும் நேரம் அது.

இன்று கைத்தொலைபேசியிலேயே கணினி ஆட்டத்தை ஆராய்ந்து, சிறந்த நகர்த்தலை நொடியில் சொல்லிவிடும். அதை நான் குறைசொல்ல மாட்டேன். எனக்கும் அது உதவுகிறது. ஆனால் எதிரே இருந்தவர் எதற்குப் பயந்தார், எதை நம்பினார், எந்த இடத்தில் மனம் தளர்ந்தார் என்பதை அது சொல்லாது. அந்தப் பாடம் மனிதரிடமிருந்தே கிடைக்கும். தோல்வியின் கசப்பு ஆறுவதற்குள், வென்றவரிடமே உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் பழக்கம், பலகைக்கு வெளியேயும் ஒருவருக்குத் துணையாக நிற்கும்.

இந்தப் பழக்கம் வளரக் குழு வேண்டும். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் 1972இல் தொடங்கிய தால் சதுரங்கக் குழு, ஆரோன் முன்னின்று வளர்த்தது. தாயிடம் ஆடக் கற்ற விஸ்வநாதன் ஆனந்த், சிறுவனாக அங்கே போனார். மின்னல் வேக ஆட்டத்தில் வென்றவர் இருக்கையிலேயே இருப்பார். தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போவார். ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவரோடு வரிசையில் நின்ற மற்றவர்களை நாம் அறியோம். அவர்கள் இல்லாமல் அந்த வரிசையும் இல்லை.

நம் பிள்ளைகள் பள்ளிகளுக்கிடையிலான மாவட்டப் போட்டிகளில் உற்சாகமாக ஆடுகிறார்கள். ஐந்தாம் படிவம் முடிந்ததும் பலருடைய பலகை அலமாரிக்குள் போய்விடுகிறது. ஆட இடமும் ஆளும் இல்லை என்பதே நான் காணும் காரணம். லாயாங் லாயாங் போன்ற ஊரில் இதைத் தீர்க்கப் பெரிய செலவு தேவையில்லை. பாலாய் ராயாவோ கோயில் மண்டபமோ ஒரு மாலை நேரத்துக்குப் போதும். எட்டுப் பலகை, நான்கு கடிகாரம், ஆளுக்குப் பதினைந்து நிமிட ஆட்டம். பள்ளிப் பிள்ளை, தோட்டத்துத் தொழிலாளி, ஓய்வுபெற்றவர் என்று யாரும் வரலாம். இனமும் வயதும் பார்க்க வேண்டாம்.

ஒரே ஒரு விதியை மட்டும் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்: ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் பத்து நிமிடம் இருவரும் சேர்ந்து அலச வேண்டும், அதற்குப் பிறகே அடுத்த ஆட்டம். இந்த விதி நிலைத்துவிட்டால், வெற்றியாளர்கள் வந்தாலும் வராவிட்டாலும், உங்கள் ஊரில் சதுரங்கம் நிலைக்கும்.